போஸ்டரில் விட்டுப்போன வரி

பெரியம்மா போன வாரம் தவறிவிட்டார். பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினோம். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே சுவரில் பெரியப்பாவுக்கு ஒட்டியதில் பெயருக்குக் கீழே, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர் என்பதால், ‘பி.இ.எல். ஓய்வு’ என்று இருந்தது. பெரியம்மாவும் ஓய்வு பெற்றவர்தான். எச்.எம்.டி. வாட்ச் ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட வேலை பார்த்தவர். அதைப் போட வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அது மனசை அறுக்கிறது.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் இங்கே வாட்ச் செய்யத் தொடங்கினார்கள். கல்யாணத்துக்கு முன்பே பெரியம்மா அங்கே சேர்ந்துவிட்டார். விடிகாலையில் ஜாலஹள்ளிக்குக் கம்பெனி பஸ். ஒற்றைக் கண்ணில் லென்ஸ், கையில் ட்வீசர், அதன் முனையில் முடி போல ஒரு ஸ்பிரிங். நம் தாத்தாக்கள் பெருமையாகக் கட்டிய ஜனதா, பைலட் வாட்சுகளெல்லாம் இப்படிப்பட்ட பெண்கள் கைபட்டு ஓடியவை. கடைசிவரை ஊசியில் நூல் கோக்க அவர் யாரையும் கூப்பிட்டதில்லை.

1980 டிசம்பர் கடைசியில் பி.இ.எல்., எச்.எம்.டி. போன்ற பெங்களூரின் பொதுத்துறை நிறுவனங்களின் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 77 நாள் நடந்தது. பெரியப்பா அந்த கேட் மீட்டிங் கதைகளை நூறு தடவை சொல்லியிருக்கிறார். பெரியம்மாவுக்கும் அதே ஸ்டிரைக்தான், வீட்டில் இரண்டு சம்பளமும் நின்றுபோனது. முதல் மாதம் வளையல் அடகுக்கடைக்குப் போனது. அப்புறம் ஆட்டுரலில் மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்றார். இதுவும் அம்மா சொல்லித்தான் தெரியும். நீங்களும் கேட்டில் உட்கார்ந்தீர்களா பெரியம்மா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

1991 டிசம்பர் எனக்கே நினைவிருக்கிறது. காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிக் கலவரம். தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. பெரியம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: “பஸ்ல வாயைத் திறக்காதே. பேசினா கன்னடத்துல பேசு. அம்மா, அப்பா, அண்ணா மூணும் ரெண்டு பாஷைக்கும் ஒண்ணுதான், பயப்படாம கூப்பிடு.” அதற்குப் பிறகு பல வருஷம் அவர் பஸ்ஸில் தினத்தந்தியைப் பிரித்ததில்லை. மடித்துப் பையில் வைத்து வீட்டுக்கு வந்துதான் படிப்பார்.

பெங்களூர்த் தமிழர் வரலாறு என்றால் அந்தக் கலவரத்தையும், அல்சூரில் 18 வருஷம் மூடிக் கிடந்து 2009இல் திறந்த வள்ளுவர் சிலையையும் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் இந்த ஊர்ப் பெண்கள் ஐடி வந்த பிறகுதான் வேலைக்குக் கிளம்பினார்கள் என்பது போல எழுதுகிறார்களே, அதைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. டிபன் கேரியரோடு கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பெண்களும் எங்கே போனார்கள்?

பதினாறாம் நாள் காரியப் பத்திரிகைக்காக நேற்று பிரஸ்ஸுக்குப் போனேன். பெயருக்குக் கீழே ‘எச்.எம்.டி. வாட்ச் ஃபேக்டரி, ஓய்வு’ என்று போடச் சொன்னேன். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரைக்கும் என்று பிரஸ்காரர் கேட்டார். அண்ணனுக்கு போன் போட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. பெரியம்மாவின் டிரங்குப் பெட்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.