குடியைக் குறைத்துக்கொள்கிறேன் என்பவனை அவன் போக்கில் விடுங்கள்

நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருவன் "எனக்கு வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டால் போதும், விசாரணை ஆரம்பித்துவிடும். "மாத்திரை சாப்பிடுறியா? வீட்ல சண்டையா? சும்மா கம்பெனிக்கு ஒரு கட்டிங் போடு." குடிக்கிறவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. வேண்டாம் என்பவன் மட்டும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. குறைக்க நினைக்கிறவனுக்குக் கடையை விடப் பெரிய தடை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நாம்தான்.

கடலூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பாண்டிச்சேரி எல்லைக்குள் முள்ளோடை, கன்னியக்கோயில். பாண்டிச்சேரி விலை குறைவு என்று போகிறோம். மிச்சமான காசு வீட்டுக்கு வருகிறதா என்றால் இல்லை, அதுவும் இன்னொரு பாட்டிலாகிவிடுகிறது.

"ஒரு குவார்ட்டர்தானே" என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 180 மில்லி, 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். 10 கிராமை ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சின்ன பாட்டிலுக்குள் ஆறு யூனிட் இருக்கிறது. பீர் என்றால் ஒன்றும் செய்யாது என்பவர்களுக்கும் சொல்கிறேன்: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி நாலு யூனிட் வரும். வெயிலுக்குக் குளிர்ச்சி என்கிறார்கள், ஆனால் ஆல்கஹால் சிறுநீரைப் பெருக்கி உடம்பில் இருக்கும் தண்ணீரையும் வெளியே தள்ளும். ஆல்கஹால் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988லேயே வகைப்படுத்திவிட்டது. எந்த அளவும் பாதுகாப்பானது இல்லை என்று 2023ல் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது.

சரி, குடிக்காதவனுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? மிக்சிங்குக்கு வாங்கிய கோலாவில் மிச்சம். 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். ஒன்றை விட்டு இன்னொன்றில் விழச் சொல்கிற மாதிரி இது.

நம்ம ஊரில் குடிக்க நல்லதே இல்லையா என்ன? நீர்மோரைச் சொல்கிறேன். புளிக்காத தயிரை வெண்ணெய் போகக் கடைந்து, நிறைய தண்ணீர் விட்டு, இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையைக் கையாலேயே கசக்கிவிட்டு, பெருங்காயம், அளவாக உப்பு. மண்பானையில் வைத்தால் ஐஸ் கூட வேண்டாம். காரசாரமாக எதையாவது தொட்டுக்கொண்டு, கையில் ஒரு டம்ளரோடு பேசிக்கொண்டிருக்கத்தானே உட்காருகிறோம்? அதற்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. இளநீர் இருக்கிறது. எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்ட சோடா இருக்கிறது. சீசனில் காலையிலேயே போனால் பதநீர் கிடைக்கும். நன்னாரி என்றால் மட்டும் சிரப்பைக் குறைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் நிறைய குடிக்கிறவர் வீராப்பாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு, மனக்குழப்பம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுக்கு "மனசு வைத்தால் முடியும்" என்ற அறிவுரை போதாது, டாக்டர் வேண்டும். பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. போதையிலிருந்து மீள உதவும் 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். கூடப் போக ஒரு ஆள் வேண்டும் என்றால், அந்த ஆளாக நாம் போகலாமே.

மற்றவர்கள் மெல்ல மெல்லக் குறைக்கலாம். முதல் ரவுண்டோடு நிறுத்துகிறவனுக்கு இரண்டாவதை ஊற்றாதீர்கள். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், ஆனால் அடுத்த முறை கூப்பிடாமலும் விட்டுவிடாதீர்கள். குடியை விட்டவன் நண்பர்களையும் சேர்த்து இழக்கிற நிலைமை வந்தால், எத்தனை பேர் விடுவார்கள்?

தை மாதம் எங்கள் வீட்டில் காதுகுத்து இருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது என்று மாமா, மச்சான் எல்லோரிடமும் இப்போதே சொல்லிவிட்டேன். சிலருக்கு வருத்தம்தான். இருந்தாலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீர்மோருக்குப் பானை சொல்லியாகிவிட்டது.