மெஷின் வாங்க மானியம் உண்டு, ஓட்ட யார் தருவார்?

மனை பிரித்து, வரிச்சலுகை அறிவித்துவிட்டால் கிளஸ்டர், அதாவது ஒரே தொழிலைச் செய்யும் யூனிட்கள் ஓரிடத்தில் கூடி வளரும் தொகுப்பு, வந்துவிடும் என்கிற நம்பிக்கை இன்னும் போகவில்லை. அப்படி வருவது கம்பெனிகள்தான். சலுகை தீர்ந்ததும் அடுத்த சலுகையைத் தேடிப் போய்விடும்.

கிளஸ்டருக்குப் பலம் எவை என்று பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே சொல்லிவிட்டார்: கைதேர்ந்த ஆட்கள், பக்கத்திலேயே உதிரிபாகம் செய்பவர்கள், வாய்வழியே பரவும் தொழில் நுணுக்கம். மூன்றுமே ஆள் இடம் மாறுவதால் வளர்பவை. ஃபோர்மேனாக இருந்தவர் வெளியே வந்து ஒரே ஒரு கட்டத்தை, பாலிஷ் மட்டும் அல்லது ஹீட் ட்ரீட்மென்ட் மட்டும், ஜாப் ஒர்க்காக எடுத்துச் செய்வார். அடுத்து தொழில் தொடங்குபவர் எல்லா மெஷினும் வாங்க வேண்டியதில்லை. வேலையை விட்டவர் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்ற ஒப்பந்தம் கலிபோர்னியாவில் செல்லாது. சிலிக்கான் வேலிக்கு அது எவ்வளவு உதவியது என்று இன்னும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், பல மானியங்களைவிட அந்தச் சட்டப்பிரிவு மேல். செலவும் இல்லை.

அரசு கைகொடுக்க வேண்டியது தனி யூனிட்டால் முடியாத இடத்தில். பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்யும் அறுவை சிகிச்சைக் கருவிகளுக்கு 1994-ல் அமெரிக்கா தடை போட்டபோது, தரக் கட்டுப்பாட்டை ஒவ்வொரு சின்னப் பட்டறையும் தனியாகக் கற்றுக்கொண்டிருக்க முடியாது. சங்கமும் அரசும் சேர்ந்துதான் அதைக் கொண்டுவந்தன.

ஆனால் எல்லா யூனிட்களும் பகிர்ந்துகொள்ள அரசு மானியத்தில் அமைக்கும் பொது வசதி மையம் என்றாலே முதலில் கட்டடம், அப்புறம் மெஷின். அத்தோடு பணம் தீர்ந்துவிடும். உலோகக் கலவை பார்க்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஓட்டத் தேவைப்படும் ஆர்கான் வாயுவின் தூய்மை குறைந்தால் கார்பன், பாஸ்பரஸ், சல்ஃபர் அளவுகள் பிசகும். ஒப்பிட்டுப் பார்க்கச் சான்றளித்த சாம்பிள் வேண்டும், பழகிய ஆபரேட்டர் வேண்டும். சோதனை லேப்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தர அங்கீகாரம் இல்லாவிட்டால் ஏற்றுமதி வாங்குபவர் ரிப்போர்ட்டை ஏற்கமாட்டார். பிறகென்ன, எல்லோரும் பழையபடி வெளி லேபுக்கே சாம்பிள் அனுப்புவார்கள். மெஷின் உறைபோட்டு நிற்கும்.

இன்னொரு சிக்கல் மையத்தின் நிர்வாகக் குழு. அதில் உட்காருவது பெரும்பாலும் பெரிய யூனிட்காரர்கள். அவர்களிடம் சொந்த லேப் இருக்கும், பொது லேப் ஓடினால் என்ன, நின்றால் என்ன. போட்டிக்காரருக்குப் பயன்படக்கூடாது என்று கட்டணத்தை ஏற்றி வைத்ததும் உண்டு.

அதனால் மூலதன மானியத்தைத் தவணையாகப் பிரிக்கலாம். முதல் மூன்று வருட ஆபரேட்டர் சம்பளம், கேஸ், அங்கீகாரச் செலவை மானியத்தில் சேர்த்து வருடாவருடம் குறைத்துக்கொண்டே வரலாம். அடுத்த தவணைக்குக் கேட்க வேண்டியது திறப்புவிழா போட்டோவை அல்ல, மாதாந்திர சாம்பிள் பதிவேட்டை: எத்தனை சாம்பிள் வந்தது, அதில் குழுவில் இல்லாத யூனிட்களுடையது எத்தனை.