கட்சி மாறிய நீதிபதி

அரசியலில் இருந்தவரை நீதிபதி ஆக்கலாமா என்ற சண்டை வரும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் ஜான் மார்ஷல் ஹார்லன் ஞாபகம்தான் வரும். 1833-இல் கென்டக்கியில், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த வக்கீல்.

உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்தார். அடிமைகளை விடுவிக்க இல்லை, நாடு உடையக் கூடாது என்பதற்காக. 1863-இல் மாநில அட்டர்னி ஜெனரல் ஆனார். லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தையும், அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தத்தையும் எதிர்த்தார். அப்புறம் லிங்கனின் குடியரசுக் கட்சிக்கே போய்ச் சேர்ந்தார். அங்கே இரண்டு முறை கவர்னர் தேர்தலில் நின்று தோற்றார். 1876 கட்சி மாநாட்டில் ஹேய்ஸ் வேட்பாளராக உதவினார். ஜனாதிபதியான ஹேய்ஸ் மறு ஆண்டே அவரை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். பச்சைச் சந்தர்ப்பவாதி என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் விடுதி, தியேட்டர், ரயிலில் நிறப் பாகுபாட்டைத் தடுத்த சட்டத்தை 1883-இல் எட்டு நீதிபதிகள் செல்லாதென்றபோது, மறுத்தவர் இவர் ஒருவர்தான். அந்த மறுப்பை எழுத முடியாமல் திணறியபோது, மனைவி மால்வினா ஒரு பழைய மைக்கூட்டை எடுத்து மேஜையில் வைத்தாராம். கறுப்பர்கள் குடிமக்களே அல்ல என்ற 1857-ஆம் வருட ட்ரெட் ஸ்காட் தீர்ப்பை எழுதிய டேனியின் மைக்கூடு அது!

1896-இல் ப்ளெஸ்ஸி வழக்கு. கறுப்பர்களுக்குத் தனி ரயில் பெட்டி சரிதான் என்று ஏழு பேர். அந்தத் தீர்ப்பை எழுதிய பிரவுன், அடிமை முறையே இல்லாத மாசசூசெட்ஸில் பிறந்தவர். அரசியல் சாசனம் நிறம் பார்க்காது என்று தனியாக நின்று எழுதியவர் அடிமைகளின் எஜமான் வீட்டுப் பிள்ளை. கட்சி மாறியதுதான் அவரை மாற்றியது என்பது என் கணிப்பு. நேற்றுவரை எதிர்த்த சட்டத் திருத்தங்களுக்காக இன்று சொந்த ஊர் மேடையில் ஏறி, வசவு வாங்கிக்கொண்டே வாதாட வேண்டியிருந்தது. கோர்ட்டை மட்டுமே பார்த்து வளர்ந்த வக்கீலுக்கு அந்த அனுபவம் கிடைத்திருக்காது.

அதற்காக அவரைக் கோயில் கட்டிக் கும்பிட நான் தயாரில்லை. அதே ப்ளெஸ்ஸி மறுப்பில், சீனர்கள் நம்மிடமிருந்து மிகவும் வேறுபட்ட இனம், அதனால்தான் அவர்களைக் குடிமக்களாக அனுமதிப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறார். சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் அமெரிக்கக் குடிமகனே என்று 1898-இல் தீர்ப்பு வந்தபோது, கூடாது என்ற இரண்டு பேரில் ஒருவர் ஹார்லன். 'நிறம் பார்க்காது' வரியைப் போஸ்டராகப் பகிர்கிறவர்கள் இந்த வழக்கின் பக்கமே போவதில்லை.