வெண்கலக் காசு அடித்ததற்குக் காரணம் ஏழ்மையா?

"சின்னச் சின்ன கிரேக்க ஊர்களுக்கு வெள்ளி வாங்க வசதியில்லை, அதனால் வெண்கலத்தில் காசு அடித்தார்கள், உலோகத்தின் விலைதான் காசின் மதிப்பு" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு நண்பரே.

ஏதென்ஸின் ஓபல் என்ற சின்ன வெள்ளிக் காசு சுமார் 0.72 கிராம்தான். அதிலும் அரை, கால் என்று அடித்தால் விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும், சந்தையில் கீழே விழுந்தால் போனது போனதுதான். சில்லறைக்கு வெண்கலம் வசதியாக இருந்தது, அவ்வளவுதான். பக்கத்திலேயே லாரியோன் வெள்ளிச் சுரங்கத்தை வைத்திருந்த ஏதென்ஸே கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வெண்கலம் அடித்தது, அது ஏழை ஊரா?

அப்புறம் மதிப்பு விஷயம். இன்றைய துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக் கரையில் இருந்த செஸ்டோஸ் என்ற சிற்றூர், கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாஸ் என்பவரைப் பாராட்டிக் கல்லில் ஒரு தீர்மானம் வெட்டி வைத்தது. சொந்தமாக வெண்கலக் காசு அடிக்க முடிவெடுத்ததற்கு அதில் இரண்டு காரணங்களை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்கள்: ஊரின் சின்னம் பொறித்த காசு புழங்க வேண்டும், அதில் வரும் லாபம் மக்களுக்குச் சேர வேண்டும். உலோக விலைக்கே காசு போனால் லாபம் எங்கிருந்து வரும்?

கிரேக்கத்தின் கிரீட் தீவில் இருந்த கோர்டின் நகரில் இன்னும் கறார். கி.மு. 3ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று, ஊர் வெளியிட்ட வெண்கலக் காசை வாங்க மறுத்தால் 5 வெள்ளி ஸ்டேட்டர் (ஓபலைவிடப் பெரிய காசு) அபராதம் என்கிறது. வெள்ளி ஓபலை வாங்கினாலும் அதே அபராதம்தான்! வெண்கலத்தின் விலையை நம்பி ஓடிய காசுக்கு இப்படி ஒரு சட்டமே தேவைப்பட்டிருக்காது.