ஒரே நாளில் மடையை அடைக்கலாமா?

சென்ற வாரம் திருமங்கலத்தில் ஒரு காதணி விழாப் பந்தியில், திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் என் அண்ணன் மகன், "பங்களாதேஷுக்குக் கொடுத்த வரிச்சலுகை போகப்போகுது சித்தப்பா, இனிமே ஆர்டரெல்லாம் நம்ம பக்கம்தான்" என்று மகிழ்ச்சியோடு சொன்னான். உடன் அமர்ந்திருந்தவர்களும் அதை ஆமோதித்தார்கள். மதுரைப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் ஏற்றுமதிப் பிரிவில் 19 ஆண்டுகள் ஆவணம் தயாரித்து, தூத்துக்குடி வழியாகச் சிட்டகாங் துறைமுகத்துக்கு நூல் அனுப்பியவன் நான். அந்த மகிழ்ச்சியில் என்னால் பங்குகொள்ள முடியவில்லை. பந்தியில் விளக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அவன் சொன்ன வரிச்சலுகை, மிகவும் பின்தங்கிய நாடுகள் என்ற பட்டியலில் இருப்பதால் பங்களாதேஷுக்குக் கிடைப்பது. அந்தப் பட்டியலை ஐக்கிய நாடுகள் சபை 1971-இல் ஏற்படுத்தியது. தலா வருமானம், மக்களின் உடல்நலமும் கல்வியும், பொருளாதார அதிர்ச்சிகளாலும் இயற்கைச் சீற்றங்களாலும் நிலைகுலையும் அபாயம் ஆகிய மூன்று அளவுகோல்களை வைத்து மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு நடக்கிறது. தொடர்ந்து இரண்டு ஆய்வுகளில் ஏதேனும் இரண்டு அளவுகோல்களைத் தாண்டிய நாடு பட்டியலிலிருந்து வெளியேறும் தகுதியைப் பெறுகிறது. 1994-இல் போட்ஸ்வானா முதல் 2024 டிசம்பரில் சாவோ தோமே பிரின்சிப்பி வரை, அரை நூற்றாண்டுக்கு மேலான காலத்தில் வெளியேறியவை எட்டே நாடுகள். பங்களாதேஷ், நேபாளம், லாவோஸ் ஆகிய மூன்றுக்கும் ஐ.நா. பொதுச்சபை 2021-இல் குறித்த நாள் 2026 நவம்பர் 24. வழக்கமாக மூன்றாண்டாக இருக்கும் ஆயத்தக் காலம், கொரோனாவை முன்னிட்டு, இவற்றுக்கு ஐந்தாண்டாக நீட்டப்பட்டது.

பட்டியலில் இருப்பது பெருமைக்குரிய விஷயம் அன்று. வெளியேறுவது உண்மையான சாதனை. 1975-இல், போரிலும் பஞ்சத்திலும் அடிபட்ட புதிய நாடாகப் பட்டியலுக்குள் வந்த பங்களாதேஷ், மூன்று அளவுகோல்களையும் தாண்டியிருக்கிறது. என் கவலை அவர்கள் வெளியேறுவதைப் பற்றியது அன்று, வெளியேறும் விதத்தைப் பற்றியது.

அந்த நாட்டின் ஏற்றுமதி வருவாயில் எண்பது சதவீதத்துக்கும் மேல் ஆயத்த ஆடையிலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் அவர்களிடம் வரி வாங்குவதில்லை. சலுகை இல்லாத நாட்டின் ஆடைக்கு அங்கே பெரும்பாலும் 12 சதவீத வரி உண்டு. வரியைக் காட்டிலும் பெரிய விஷயம், எங்கள் தொழிலில் 'ஒரிஜின்' என்று சொல்லும் உற்பத்தி மூல விதி. பட்டியலில் இருக்கும் நாடு வெளியிலிருந்து துணியை வாங்கி, வெட்டித் தைத்து அனுப்பினாலே அது அந்நாட்டுப் பொருளாகிவிடும். பட்டியலை விட்டு வெளியேறி சாதாரணச் சலுகைக்கு வந்துவிட்டால் துணியையும் உள்நாட்டிலேயே நெய்திருக்க வேண்டும். பனியன், டி-சர்ட் தைப்பவர்களுக்கு இதில் பெரிய சிரமம் இருக்காது, ஏனென்றால் பின்னல் துணியைப் பெரும்பாலும் அவர்களே தயாரிக்கிறார்கள். சட்டையும் பேன்ட்டும் தைக்கும் ஆலைகளோ சீனத் துணியையும் இந்தியத் துணியையும் நம்பி இருப்பவை. ஒரு நெசவாலையைக் கட்டி, இயந்திரம் இறக்கி, சாயப்பட்டறைக்குத் தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் வழி செய்வது ஓரிரு மாதத்தில் முடிகிற வேலை அன்று.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் அப்பாவின் வயல் நினைவுக்கு வருகிறது. மேலூர்ப் பக்கம் ஒருபோகப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. அணையில் இருப்பு குறைந்தால் கால்வாயை ஒரேயடியாக மூட மாட்டார்கள். முறை வைத்து, சில நாள் திறப்பதும் சில நாள் அடைப்பதுமாக, கதிர் முற்றும் வரை ஓட்டுவார்கள். ஆனால் ஓர் ஆண்டு, பயிர் பால் பிடிக்கும் நேரத்தில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒரே இரவில் தண்ணீர் நின்றது. நடவுக்குத் தண்ணீர் வந்தது, களையெடுப்புக்கும் வந்தது, கடைசிப் பதினைந்து நாளுக்கு வரவில்லை. பாதி வயல் மணி பிடிக்காமல் சாவியாகப் போனது. அதுவரை விட்ட தண்ணீரும் அதோடு வீணானது என்பதை அப்பா பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாடுகளுக்கும் இந்த நிலை வந்திருக்கிறது. மாலத்தீவு வெளியேறுவதற்கான தீர்மானத்தைப் பொதுச்சபை நிறைவேற்றியது 2004 டிசம்பர் 20 அன்று. ஆறாம் நாள் சுனாமி வந்தது. நம் நாகப்பட்டினக் கரையைத் துடைத்த அதே அலைதான் அந்தத் தீவுகளையும் மூழ்கடித்தது. நல்ல வேளையாகச் சபை தன் முடிவைத் தள்ளிவைக்க, அந்நாடு 2011-இல் வெளியேறியது. சமோவாவுக்கு 2009 சுனாமி, வனுவாட்டுவுக்கு 2015-இல் பாம் என்ற புயல், நேபாளத்துக்கு அதே ஆண்டின் நிலநடுக்கம் என்று, இந்த வரிசையில் நின்ற நாடுகளுக்கு ஒவ்வொரு தடவையும் இயற்கையே தேதியைத் தள்ளிப்போட வைத்தது.

இதற்காகத் தேதியைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டாக்காவின் தொழில் வட்டாரங்களில் அந்தக் குரல் பலமாக எழுந்தது. அதை முழுவதுமாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் கொடுத்த அவகாசம் எப்படி வீணாகும் என்பதை என் வேலைக்காலத்திலேயே பார்த்திருக்கிறேன். வளர்ந்த நாடுகள் ஜவுளி இறக்குமதிக்கு வைத்திருந்த கோட்டா முறையை, அதாவது இந்த நாட்டிலிருந்து இவ்வளவுதான் என்ற உச்சவரம்பை, 1995 முதல் பத்தாண்டுகளில் படிப்படியாக நீக்குவதாக உலக வர்த்தக அமைப்பில் ஒப்புக்கொண்டார்கள். முதல் படியில் இறக்குமதியில் 16 சதவீதத்தைக் கோட்டாவிலிருந்து விடுவிக்க வேண்டும், 1998-இல் 17, 2002-இல் 18. மிச்சமிருந்த 49 சதவீதம் 2005 ஜனவரி 1 அன்று ஒரே நாளில். முதல் மூன்று படிகளிலும் யாருக்கும் வலிக்காத சரக்குகளாகப் பார்த்துச் சேர்த்துவிட்டு, உண்மையான ஆடை வகைகளைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டே சீன ஆடைகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கி நின்று, மறுபடி ஒரு கட்டுப்பாட்டு ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. காகிதத்தில் நான்கு படி இருந்தது. இறங்கியவனுக்கு ஒரே பள்ளம்தான்.

அவகாசத்தை ஒழுங்காகப் பயன்படுத்திய கதையும் நம்மிடமே உண்டு. மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமை (உரிமை பெற்ற நிறுவனத்தின் அனுமதியின்றி வேறு யாரும் அந்த மருந்தைத் தயாரிக்க முடியாத உரிமை) வழங்க வேண்டும் என்ற விதி 1995-இல் வந்தபோது, இந்தியாவுக்கு 2005 ஜனவரி 1 வரை காலம் கிடைத்தது. அந்தப் பத்தாண்டில் நம் மருந்து நிறுவனங்கள் வளர்ந்த வளர்ச்சியால்தான் எச்.ஐ.வி. மருந்தை ஆப்பிரிக்காவுக்குக் குறைந்த விலையில் கொடுக்க முடிந்தது. தன் மருந்துத் தேவையில் மிகப் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்ளும் பங்களாதேஷுக்கு, பின்தங்கிய நாடு என்ற முறையில் 2033 ஜனவரி 1 வரை அதே விலக்கு இருக்கிறது. பட்டியலை விட்டு வெளியேறும் நாளன்று அந்த விலக்கு நின்றுவிடும். நாம் அனுபவித்த பத்தாண்டை அவர்களுக்கு மறுப்பதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் வெளியேறும் நாடுகளுக்கு மேலும் மூன்றாண்டு சலுகையைத் தொடர்கிறது, பிரிட்டனும் அப்படியே. 2023 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பு மற்ற நாடுகளையும் இவ்வாறு செய்யும்படி ஊக்குவித்து முடிவெடுத்தது. ஆனால் அது கட்டாயம் அன்று. அந்த மூன்றாண்டில் நெசவு, சாயம், துறைமுக வேகம், தோல் முதலிய வேறு ஏற்றுமதிகள் என்று வேலை செய்யவேண்டிய பொறுப்பு அந்தந்த அரசுகளுடையது. அதை அவர்கள் தவறவிட்டால், அடி ஆலை உரிமையாளர் மேல் முதலில் விழாது. விலையைக் குறைக்கச் சொல்லி வாங்குபவர் நெருக்கும்போது எங்கே கைவைப்பார்கள் என்பதை 2013 ஏப்ரலில் இடிந்த ராணா பிளாசா கட்டடம் காட்டிவிட்டது. 1,100-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இறந்தார்கள், பெரும்பாலும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்கள்.

அண்ணன் மகன் சொன்னதற்கு வருகிறேன். திருப்பூருக்குச் சில ஆர்டர்கள் வரக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் இந்தியப் பருத்தி நூலை அதிகம் வாங்கும் நாடுகளில் பங்களாதேஷ் ஒன்று. அங்கே தறியும் பின்னல் இயந்திரமும் நின்றால், நம் ஆலைகளில் மூன்றாம் ஷிப்டும் நிற்கும். நான் பேக்கிங் லிஸ்ட் போட்டு அனுப்பிய கன்டெய்னர்கள் அவர்கள் ஆர்டரை நம்பிக் கிளம்பியவை.

இந்தியா செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தான தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவு, மாலத்தீவு பட்டியலை விட்டு வெளியேறிய பிறகும் பின்தங்கிய நாட்டுக்குரிய சலுகைக்குக் குறையாத சலுகையை அதற்குத் தரவேண்டும் என்கிறது. இதே போன்ற ஒரு பிரிவைக் கால வரையறையோடு, ஆண்டுதோறும் எவ்வளவு குறையும் என்ற அட்டவணையோடு, பங்களாதேஷுக்கும் நேபாளத்துக்கும் எழுதிக் கொடுக்கலாம். அரசியல் உறவு கசந்திருக்கும் காலத்தில், 2025-இல் தரைவழியாக வரும் சில சரக்குகளுக்கு இரு பக்கமும் தடை போட்டுக்கொண்ட பிறகு, இதைக் கேட்பது எளிதன்று என்று அறிவேன். ஆனாலும் அந்த அட்டவணை தேதிக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அடுத்த பருவத்துச் சட்டைக்கு வாங்குபவர் பல மாதம் முன்னதாக ஆர்டர் போடுகிறார். அவர் விலை பேசும் மேசையில், எந்த மாதம் எவ்வளவு வரி என்ற தாள் இருந்தாக வேண்டும்.