பத்து அடிக்குப் பாட்டு போதும்

வாய்பாட்டுப் பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம் திடீரென்று "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். உதடு அசையும். "ஏழு, பதினாலு, இருபத்தொன்று..." என்று அடியிலிருந்து ஏறி வரும். குறை பிள்ளையிடம் இல்லை, பாட்டைக் கட்டிய விதத்தில்தான். விடைகளை மட்டும் கோத்த பாட்டில் 56 வரும், அதோடு 8 வராது. "ஆறேழு நாற்பத்திரண்டு" என்று கேள்வியும் விடையும் ஒரே அடியில் நிற்கும் நம் பழைய முறைதான் சரி. மெட்டு எதுவாகவும் இருக்கட்டும்.

இங்கே சிங்கப்பூரில் 2, 3, 4, 5, 10 வாய்பாடுகள் தொடக்கநிலை 2இல் வருகின்றன, 6 முதல் 9 வரை தொடக்கநிலை 3இல். முந்தியவை கைவந்த பிள்ளைக்குப் புதியது எவ்வளவு? 6×7 தெரிந்தால் 7×6 தெரிந்த மாதிரிதான். ஆக மிஞ்சுவது பத்தே பத்து: 6×6, 6×7, 6×8, 6×9, 7×7, 7×8, 7×9, 8×8, 8×9, 9×9. இவற்றுக்கு மட்டும் பாடுங்கள். நான்கு வாய்பாட்டையும் முழுசாகப் பாட வைப்பது வீண் சுமை என்பேன்.

பாடும் முன் சாகா (மஞ்சாடி) மரத்தடியில் பொறுக்கிய சிவப்பு விதைகளை எட்டெட்டாக ஏழு வரிசை அடுக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வரிசைக்குக் கீழே விரலிடை விடுங்கள். மேலே 40, கீழே 16. பாட்டு மறந்துபோனாலும் 56 இப்படி மீண்டுவிடும். ("ஏழெட்டுப் பேர்" என்றால் நம் பேச்சில் சுமார் கணக்கு. அதனால் முதலில் "ஏழு வரிசை எட்டு" என்றே சொல்லுங்கள்.)

பிறகு அடிக்கு நான்கு கைத்தட்டு: கேள்விக்கு இரண்டு, விடைக்கு இரண்டு. முதல் சுற்றில் சேர்ந்து பாடுங்கள். இரண்டாவதில் விடையின் இரண்டு தட்டுக்கு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள், பிள்ளை நிரப்பட்டும். மூன்றாவதில், முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் எழுதிய பத்து அட்டைகளைக் கலைத்துப் போட்டு, வந்த வரிசையில் பாடுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த மூன்றாவது சுற்றைத்தான். வரிசை மாறாத பாட்டில் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைப் பிடித்துக்கொண்டே வரும், நடுவிலிருந்து எடுக்க முடியாது.

54உம் 56உம் எளிதில் குழம்பும். 6×9ஐயும் 7×8ஐயும் ஒரே நாளில் தொடங்காதீர்கள்.

பள்ளியில் கணக்கு ஆங்கிலத்தில்தான். தமிழில் பாடும்போதே அட்டையைத் திருப்பி 56 என்ற இலக்கத்தைக் காட்டிவிட்டால் எந்த மொழியில் கேட்டாலும் தடுமாற்றம் குறையும்.

ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள். உதடு அசையாமல் மூன்று வினாடிக்குள் விடை வந்தால் அந்த அட்டையை எடுத்துவிடலாம்.