வாடகைக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவரின் வீட்டு வாசலில் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். எங்கள் பகுதியில் மிஞ்சுகிற உணவைச் சேர்த்து இல்லாதவர்களுக்குக் கொடுக்க ஓர் உணவு வங்கியும் அதோடு சேர்ந்த பொதுக்கூடமும் தொடங்கப்போகிறோம், அதற்காக வந்திருக்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது இரண்டு பைகள் நிறைய மளிகைச் சாமான். கொடுப்பதில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. "ஐயா, இதோட மாசா மாசம் ஏதாவது ஒரு தொகையும் தர முடியுமா? இடத்துக்கு வாடகை இருக்கு, கரண்ட் பில் இருக்கு, ஒருத்தருக்குச் சம்பளம் கொடுக்கணும்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"சாப்பாட்டுக்குன்னா எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க தம்பி. வாடகைக்கும் சம்பளத்துக்கும் நான் எதுக்குத் தரணும்?"

அவர் கருமி இல்லை. எங்கள் மேல் சந்தேகமும் இல்லை. பசித்த வயிற்றுக்கும் தன் கைக்கும் நடுவில் வேறு யாரும், எதுவும் வரக்கூடாது என்று நினைக்கிறார். இந்த வேலையில் இறங்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வாசலில் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிற நண்பர்களிலும் அவரைப் போலவே நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

உணவு வங்கி என்ற ஒன்று முதன்முதலில் எப்படி வந்தது என்று பாருங்கள். 1960களில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்கு உணவளிக்கும் ஒரு கூடத்தில் தொண்டு செய்துகொண்டிருந்தார். அங்கே வந்த ஒரு தாய், கடைகள் குப்பையில் போடுகிற நல்ல உணவை எடுத்துத்தான் தன் பிள்ளைகளை வளர்ப்பதாகச் சொன்னார். வங்கியில் பணம் போட்டு எடுப்பதுபோல உணவைப் போட்டு எடுக்க ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்குமே என்றும் சொன்னார். யோசனை அந்தத் தாயுடையது. வான் ஹெங்கல் செயின்ட் மேரி தேவாலயத்திடம் போய்க் கேட்டார். அவர்கள் கொடுத்தது ஒரு பழைய கட்டடமும் 3,000 டாலரும். 1967இல் செயின்ட் மேரி உணவு வங்கி தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 2,75,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 125 டன் உணவு அதன் வழியாக மக்களிடம் போய்ச் சேர்ந்தது.

எதை முதலில் கொடுத்தார்கள் என்று கவனியுங்கள். இடமும் பணமும். உணவு அந்த ஊரில் ஏற்கெனவே இருந்தது, குப்பைத் தொட்டியில். அதை வாங்கி வைக்க நான்கு சுவரும் ஒரு கூரையும்தான் இல்லாமல் இருந்தது.

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானதாகக் கணக்குச் சொல்கிறது. கடைகள், உணவகங்கள், வீடுகள் என்று நுகர்வோரை எட்டிய உணவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதே காலத்தில் பசியோடு இருந்தவர்கள் 78 கோடிக்கும் மேல். ஆகவே, "சாப்பாடு தருகிறேன்" என்று யாராவது சொல்லும்போது மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் உணவைவிட எங்களுக்கு அதிகம் தட்டுப்பாடாக இருப்பது, அந்த உணவு கெடுவதற்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி.

போன மாதம் நடந்தது இது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு கடையிலிருந்து போன். பாலும் காய்கறியும் சமைத்த உணவும் நிறைய மிஞ்சிவிட்டது, உடனே வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்களிடம் வண்டியும் இல்லை, ஃப்ரிட்ஜும் இல்லை. ஆறு பேருக்கு மாறி மாறிப் போன் போட்டோம். கடைசியில், "மன்னிச்சுக்குங்க, எடுத்து வைக்க இடம் இல்லை" என்று சொல்லிவிட்டோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, குளிர வைப்பதென்றால் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்கிற அடிப்படை விதி. ஏழைக்குக் கொடுக்கிற உணவுதானே என்று அதைத் தளர்த்த முடியாது. ஏற்கெனவே உடம்பு நலிந்திருப்பவருக்கு ஒரு வேளைக் கெட்ட உணவு எவ்வளவு பெரிய கேடு! எனவே எங்களுக்கு ஃப்ரீசர் என்பது ஆடம்பரம் இல்லை. அது ஓடுவதற்கான கரண்ட் பில்லும் ஆடம்பரம் இல்லை. பால் ஒரு குழந்தையிடம் கெடாமல் போய்ச் சேர்ந்தால் அந்த பில்லும் சேர்ந்துதான் அந்தப் பாலை ஊட்டியது.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் முகம் சுளிக்க வைப்பது அதுதான். தன்னார்வலர்கள் இல்லாமல் இது நடக்காது. நானே ஒரு தன்னார்வலன். ஆனால் எனக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, காய்ச்சல் வரும். செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கதவு திறந்திருக்கும் என்று நம்பி ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்போது அது திறந்திருந்தே ஆக வேண்டும். யாருக்கு வசதிப்படுகிறதோ அவர் திறப்பார் என்ற ஏற்பாடு முதல் இரண்டு மாதம் ஓடும், பிறகு படுத்துவிடும். தேதி பார்த்துச் சாமானைப் பிரிக்க, ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைக் குறித்து வைக்க, கணக்கு எழுத, வருகிறவர்களின் பெயர் வெளியே போகாமல் காக்க, பொறுப்பான ஒரே ஒருவராவது வேண்டும். அவரும் மாதக் கடைசியில் வீட்டுச் செலவு பார்க்க வேண்டியவர்தான்.

இனி பொதுக்கூடம். "முதலில் உணவு வங்கியைத் தொடங்குங்கள், கூடம் பிறகு பார்க்கலாம்" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் பலர். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உணவு மட்டுமே தருகிற ஓர் இடத்துக்குள் நுழைவது ஒருவருக்கு எவ்வளவு கடினம் தெரியுமா? தெருவில் எல்லோரும் பார்க்க வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில் நிற்பதற்கு வேறு காரணமே கிடையாது. நீங்கள் இல்லாதவர் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனாலேயே மிகவும் தேவைப்படுகிறவர்கள் கடைசிவரை வரமாட்டார்கள். எனக்கு நெருக்கமான ஒருவர் வேலை போய் நான்கு மாதம் வீட்டில் அரைவயிறாக இருந்தார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பிறகு கேட்டபோது, "எந்த முகத்தோட வந்து நிப்பேன்?" என்றார். அந்தக் கேள்வியை மனதில் வைத்துத்தான் நாங்கள் கூடத்தின் வரைபடத்தையே போட்டிருக்கிறோம். ஒரே வாசல். உள்ளே ஒரு பக்கம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க மேசைகள். ஒரு பக்கம் விண்ணப்பம் நிரப்ப, கடிதம் எழுத உதவி செய்கிறவர்கள். தையல் மெஷின். சும்மா உட்கார்ந்து பேச நாற்காலிகள். ஓர் ஓரத்தில் உணவு அலமாரி. வாசலில் நுழைகிறவர் எதற்கு நுழைகிறார் என்று தெருவுக்குத் தெரியாது. இன்று அலமாரியிலிருந்து எடுத்துப் போகிறவரே நாளை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவராக இருக்கலாம். எடுத்துப் போகிறவர் தன் கையால், தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுப்பார். கட்டிய பொட்டலத்தை நீட்டிப் படம் எடுக்கும் வேலை அங்கே ஒருபோதும் நடக்காது. இதை எழுத்திலேயே போட்டிருக்கிறோம்.

உணவையும் கூடத்தையும் சேர்த்தே நடத்தியவர்கள் முன்பே உண்டு. 1889இல் ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரண்டு சமூக சேவகர்கள் அமெரிக்காவின் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற அக்கம்பக்க இல்லத்தைத் தொடங்கினார்கள். குழந்தைகள் பள்ளி, படிப்பறை, வகுப்புகள் என்று அது வளர்ந்தது. அங்கே ஒரு பொதுச் சமையலறையும் திறந்தார்கள். சத்து எது, குறைந்த செலவில் சமைப்பது எப்படி என்றெல்லாம் அறிவியல் முறைப்படி ஆராய்ந்து செய்த உணவு. ஆனால் அக்கம்பக்கத்து மக்கள் அதை எதிர்பார்த்த அளவுக்கு வாங்கவில்லை. சத்தானது என்பதற்காக ஒன்றைச் சாப்பிட அவர்களுக்கு விருப்பமில்லை. தங்களுக்குப் பிடித்ததையே சாப்பிட விரும்பினார்கள். அதோடு சேர்த்துத் திறந்த காபிக் கூடமோ மெல்ல மெல்ல அந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் இடமாகிவிட்டது. மக்களுக்கு என்ன வேண்டும் என்று நாமே முன்கூட்டி முடிவுகட்டக் கூடாது என்பதை ஆடம்ஸ் அதிலிருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் கூட்டங்களில் யாராவது "அவங்களுக்கு இது போதும்" என்று ஆரம்பித்தால் நான் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுவேன். பசித்தவருக்கும் நாக்கு உண்டு, விருப்பு வெறுப்பு உண்டு.

"இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை" என்பவர்களிடம் நான் வாதாட மாட்டேன். உண்மைதான். பிரிட்டனில் உணவு வங்கிகளின் மிகப் பெரிய வலைப்பின்னலை நடத்துகிற டிரசல் அமைப்பே, உணவு வங்கி தேவைப்படாத நாள் வர வேண்டும் என்பதைத்தான் தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது. அதனால்தான் விண்ணப்பம் நிரப்பும் மேசை எங்கள் கூடத்தில் உணவு அலமாரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒருவருக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டிய ஓய்வூதியமோ உதவித்தொகையோ ஒரு தாள் குறைந்ததால் நின்றுபோயிருந்தால், அந்தத் தாளைச் சரிசெய்து கொடுப்பது பத்து மூட்டைச் சாமானைவிடப் பெரிய உதவி. பொட்டலம் மட்டும் கொடுக்கிற இடத்தில் அது நடக்காது.

சரி, பணத்துக்கு வருவோம். 1885இல் நியூயார்க்கில் நடந்த ஒன்று எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. சுதந்திர தேவி சிலையை பிரான்ஸ் மக்கள் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். அதை நிறுத்தி வைக்கும் பீடத்துக்குத்தான் பணம் இல்லை. சிலை பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோதும் பீடம் முடிந்திருக்கவில்லை. ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் பெயரை அச்சிடுவேன் என்றார். ஐந்தே மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலானவர்கள் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. பீடத்துக்குத்தான் கேட்கிறேன் என்று மறைக்காமல் கேட்டார், எளிய மக்கள் கொடுத்தார்கள்.

இன்னொன்று. 2014இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நன்கொடை கேட்டு 40,000 பேருக்கு நான்கு விதமாகக் கடிதம் அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். நிர்வாகச் செலவை ஒரு பெரிய நன்கொடையாளர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார், நீங்கள் தருவது முழுக்கப் பணிக்கே போகும் என்று சொன்ன கடிதங்களுக்கு, சாதாரணமாகக் கேட்ட கடிதங்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பணம் வந்தது. வசதி படைத்த நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது இதைத்தான். உங்கள் பெயரில் ஒரு நாள் அன்னதானம் வேண்டாம். முதல் ஆண்டின் வாடகையை ஏற்றுக்கொள்ளுங்கள். அதைச் சொல்லியே மற்ற வீடுகளின் கதவைத் தட்டுவோம்.

மற்றவர்களிடம் கேட்பது சின்னத் தொகை, ஆனால் மாதா மாதம். ஒரே தடவையில் வரும் பெரும்பணத்தில் ஃப்ரீசர், அலமாரி, எடைபோடும் மெஷின், இடத்துக்கான முன்பணம் எல்லாம் வாங்கிவிடலாம். ஏழாவது மாத வாடகையை அது கட்டாது. ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் சேரும்வரை கதவைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். இதில் எனக்கும் மற்ற சிலருக்கும் கடுமையான வாக்குவாதமே நடந்தது. பசி காத்திருக்குமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கூச்சத்தை விட்டு ஒருவர் முதல்முறை வந்து, இரண்டாவது முறை வரும்போது பூட்டு தொங்கினால், அவர் மூன்றாவது முறை எங்கேயும் போகமாட்டார். அந்தப் பழியை ஏற்க எனக்கு மனமில்லை.

வரவு செலவு ஒவ்வொரு மாதமும் கூடத்தின் சுவரில் ஒட்டப்படும். கரண்ட் பில்லும் சம்பளமும் உட்பட ஒரு வரி விடாமல். கொடுத்தவர்களின் பெயரை அவர்கள் விரும்பினால் போடுவோம். பெற்றவர்களின் பெயர் எங்கேயும் வராது.

நாளை மறுபடி அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போகிறேன். செலவுக் கணக்கு எழுதிய நோட்டைக் கையோடு எடுத்துப் போகிறேன். அவர் கொடுத்த இரண்டு பைகளும் இன்னும் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. ஒரு வாரமாகிறது. வைக்க வேறு இடம் இல்லை. அதை முதலில் அவரிடம் சொல்லப்போகிறேன்.